கிட்டார், மாண்டலின் பழகுகிறீர்களா? முதலில் 'பிக்'கைக் கவனியுங்கள்!

கிட்டாருக்கு ஆயிரக்கணக்கில் செலவு, அதற்கு ஒரு உறை, ட்யூனர், ஸ்டாண்டு... எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். கம்பியைத் தொடப்போகும் அந்தச் சின்ன முக்கோணத் துண்டை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. கடைக்காரர் கொசுறாகக் கொடுத்த பிக்கே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து, 'சத்தம் சரியா வரல, கை வலிக்குது, நமக்கெல்லாம் மியூசிக் வராதுப்பா' என்று கிட்டார் பீரோ மேல் ஏறிவிடுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு ஒரு நாளில் கிடைப்பதே அரை மணி நேரம்தான். அந்த அரை மணி நேரமும் பிக் வழுக்குவதிலேயே போனால் ஆசை எப்படித் தாக்குப்பிடிக்கும்? தப்பு உங்கள் விரலில் இல்லாமல் இருக்கலாம். சில பத்து ரூபாய் பிக்கில் இருக்கலாம்.

பிக் என்ன செய்கிறது?

பிக் கம்பியை லேசாக ஒரு பக்கம் தள்ளுகிறது. பிறகு கம்பி அதன் ஓரத்தில் வழுக்கி விடுபட்டு அதிரத் தொடங்குகிறது. நாம் கேட்கும் ஒலியின் முதல் நொடித்துளி இங்கேதான் பிறக்கிறது. பிக் வளைந்து கொடுத்தால் ஒலி மெலிதாக, 'சலசல'வென்று வரும். வளையாமல் நின்றால் அழுத்தமாக, முழுசாக வரும். முனை கூராக இருந்தால் பளிச்சென்ற ஒலி. உருண்டையாக இருந்தால் இதமான ஒலி. ஓரம் சொரசொரப்பாக இருந்தால் கம்பியை உரசும் 'கிரீச்' சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த பிளாஸ்டிக்

பிக் செய்யும் பொருள்களில் சில, லேத் பட்டறையில் வேலை செய்பவர்களுக்குப் பழக்கமானவைதான். புஷ்ஷும் கியரும் கடைகிற டெல்ரின் ராடு தெரியுமல்லவா? அதே டெல்ரின் வகையில்தான் டன்லப் நிறுவனத்தின் 'டார்டெக்ஸ்' பிக்குகள் தயாராகின்றன. 1981-ல் அறிமுகமான இந்த பிக், இன்று உலகம் முழுக்கக் கிடைக்கிறது. வியர்த்த கையிலும் ஓரளவு பிடிமானம் தருவதும், சீக்கிரம் தேயாததும் இதன் பலம்.

அடுத்தது நைலான். நன்றாக வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது. ஆனால், நைலான் ஈரத்தை உறிஞ்சும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். டெல்ரின் அந்த அளவுக்கு உறிஞ்சாது. நைலான் பிக் வாங்கினால், பிடிக்கும் இடத்தில் புள்ளி புள்ளியாக மேடு இருக்கிறதா என்று பாருங்கள். வழுவழு பிக் கையில் வழுக்கும். வழுக்குவதால் இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடிப்பதால்தான் பலருக்கு மணிக்கட்டு வலிக்கிறது.

மூன்றாவது செல்லுலாய்டு. இதில் நம் வீட்டுப் பொருள் ஒன்று கலந்திருக்கிறது... கற்பூரம்! நைட்ரோ செல்லுலோஸுடன் கற்பூரம் சேர்த்துச் செய்யப்படுவதால், சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் சிலவற்றில் லேசான கற்பூர வாசம் வரும். ஒலி இனிமையாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால், சீக்கிரம் தேயும், சட்டென்று தீப்பற்றும். கொசுவத்தி, விளக்கு பக்கத்தில் வைக்க வேண்டாம்.

எந்தத் தடிமன்?

பிக் மேல் அச்சிட்டிருக்கும் எண், தடிமனை மில்லிமீட்டரில் சொல்கிறது.

0.60-க்குள்: மெலிது. பாட்டுக்குக் கார்டு வாசித்துத் தாளம் போட ஏற்றது. தனித்தனி சுரம் வாசித்தால் தடுமாறும்.

0.70 முதல் 0.85 வரை: நடுத்தரம். தாளமும் வாசிக்கலாம், மெட்டும் வாசிக்கலாம். புதிதாகப் பழகுபவர்கள் 0.73-ல் தொடங்கலாம்.

0.88-க்கு மேல்: தடிமன். வேகமாக ஒற்றை ஒற்றைச் சுரமாக வாசிப்பவர்களுக்கு.

டார்டெக்ஸில் நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0.

ஒரு எச்சரிக்கை. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வைத்திருந்தால் பிக் தேடி அலைய வேண்டாம். அது விரலாலும் நகத்தாலும் வாசிப்பதற்கானது.

மாண்டலினுக்குத் தனிக் கணக்கு

மாண்டலினில் நான்கு ஜோடிக் கம்பிகள். இரண்டிரண்டாக ஒரே சுதியில், விறைப்பாகக் கட்டியிருக்கும். மெலிதான பிக்கால் தட்டினால் 'படபட' என்று பிக்கின் சத்தம்தான் கேட்கும். அதனால் பலர் 1.0 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை தடிமனான, முனை சற்று உருண்ட பிக்கை விரும்புகிறார்கள். மேலும் கீழுமாக வேகமாக மீட்டும் டிரெமலோவுக்கும் உருண்ட முனை கம்பியில் மாட்டாமல் ஓடும்.

மாண்டலின் என்றதும் நினைவுக்கு வருபவர் யு.ஸ்ரீநிவாஸ். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்து, சிறுவனாகவே சென்னை சபாக்களை வியக்கவைத்தவர். 1998-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2014-ல் 45 வயதில் மறைந்தார். ஜோடிக் கம்பிகளில் கமகத்தை இழுத்து வாசிப்பது கடினம். அவர் ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டு கர்னாடக சங்கீதத்துக்கு அதை வளைத்தார். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்: பெரிய வித்வான் என்ன வைத்திருந்தார் என்பதல்ல, நம் வாசிப்புக்கு எது தேவை என்பதே கேள்வி.

'ஆமை ஓடு' என்றால் உஷார்

பழுப்பும் மஞ்சளும் கலந்த பிக்கை 'டார்ட்டாய்ஸ் ஷெல்' என்பார்கள். இன்று கடைகளில் இருப்பது பெரும்பாலும் அந்த நிறத்தில் செய்த பிளாஸ்டிக்தான், தாராளமாக வாங்கலாம். ஒரு காலத்தில் மட்டும் அழுங்காமையின் ஓட்டிலேயே பிக் செய்தார்கள். அதன் உலக வர்த்தகம் 1977 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழவேற்காடு கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருவதைப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. 'ஒரிஜினல் ஓடு, பழைய சரக்கு' என்று யாராவது ஆசை காட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடையில் ஐந்து சோதனைகள்

1. ஓரத்தில் கட்டை விரல் நகத்தை ஓட்டுங்கள். மோல்டிங்கில் விட்ட பிசிறு தட்டுப்பட்டால் வேறு எடுங்கள்.

2. மெலிதான பிக் என்றால் லேசாக வளைத்து விடுங்கள். சட்டென்று நிமிர வேண்டும். வளைந்த இடம் வெளுத்தால் அது சீக்கிரம் உடையும்.

3. கண்ணாடி மேஜையில் போடுங்கள். 'கிளிக்' என்று கணீரென ஒலித்தால் பளிச்சென்ற ஒலி தரலாம், 'தொப்' என்றால் இதமான ஒலி தரலாம்.

4. எழுத்து கோணலாக, மங்கலாக இருந்தால் போலியாக இருக்கலாம்.

5. எல்லாவற்றுக்கும் மேல், வாசித்துப் பாருங்கள்.

மூர் மார்க்கெட் வளாகத்துக்கு வரும் லோக்கல் ரயிலைப் பிடித்தால், 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் உள்ளிட்ட அண்ணா சாலை இசைக்கடைகளுக்குப் போவது எளிது. ஆன்லைனில் வாங்குவதானால், ஒரே தடிமனில் ஒரு டஜன் வேண்டாம். 0.60, 0.73, 1.0 என மூன்று தடிமன்களில் ஒவ்வொன்று போதும். ஒரே பாட்டை மூன்றாலும் வாசித்து, போனில் ரெக்கார்டு செய்து கேளுங்கள். காதே தீர்ப்பு சொல்லிவிடும்.

காசே இல்லையா? காலாவதியான ஏ.டி.எம். கார்டை வெட்டியும் பிக் செய்யலாம். சீக்கிரம் தேயும், ஆனாலும் பழகுவதற்குப் போதும். ஓரம் தேய்ந்த பிக்கைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நைஸான உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியில் மெருகேற்றினால் திரும்பவும் வழவழப்பாகிவிடும்.

பீரோ மேல் கிட்டார் இருக்கிறதா? விற்பதற்கு முன்னால் பிக்கை மாற்றி, ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள்.