விங்ஸ், மேட்ச், பில்லு: ஒரு ரெஸ்டோ பார் ராத்திரி உங்க சம்பளத்துல எவ்வளவு எடுக்குது?



திருபுவனை தொழிற்பேட்டையில வேலை பார்க்கிறீங்களா? மதகடிப்பட்டுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? திருக்கனூர்ல இருந்து தினமும் பாண்டிக்கு வண்டியில போய் வர்றீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஐபிஎல் சீசன் வந்தா போதும், வாட்ஸ்அப் குரூப்ல "மச்சி, இன்னைக்கு மேட்ச் எங்கடா?"ன்னு ஆரம்பிச்சிடும். பெரிய ஸ்கிரீன், சிக்கன் விங்ஸ், கூட்டம், விசில். மண்ணாடிப்பட்டு கொம்யூன்ல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் வேணும்னா வண்டி பாண்டி டவுன் பக்கம்தான் திரும்பும். போகாதீங்கன்னு நான் சொல்லப் போறதில்ல. உழைக்கிறவனுக்கு ஒரு சந்தோஷம் வேணும். ஆனா பணம் எந்த எந்த ஓட்டை வழியா வெளிய போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. மொத்தம் மூணு ஓட்டை இருக்கு. நாம எல்லாரும் சத்தம் போடுறது முதல் ஓட்டையைப் பத்திதான். நிஜமா பெருசு அது இல்ல.

இந்தக் கடைகளோட கணக்கு எப்படி?

அமெரிக்காவுல பஃபலோ நகரத்துல ஆங்கர் பார்னு ஒரு கடை. காரமான பஃபலோ விங்ஸ் 1964-ல அங்கதான் பிறந்ததுன்னு சொல்வாங்க. அதுவரைக்கும் கோழி இறக்கைன்னா சூப்புக்குப் போடுற மலிவான துண்டு. 1982-ல ஒஹாயோ மாநிலத்துல பஃபலோ வைல்ட் விங்ஸ் ஆரம்பிச்சாங்க. விங்ஸ், பீர், டிவியில விளையாட்டு, இந்த மூணையும் ஒண்ணா கட்டி பெரிய செயினா வளர்ந்தது. இன்னைக்கு நம்ம ஊர் ரெஸ்டோ பார்கள்ல பார்க்கிறதும் அதே ஃபார்முலாதான்.

யோசிச்சுப் பாருங்க. விங்ஸ்ல உப்பும் காரமும் தூக்கலா இருக்கும், தாகம் எடுக்கும். எலும்பைக் கடிச்சு மெதுவாதான் சாப்பிட முடியும். டி20 மேட்ச் மூணரை மணி நேரம் ஓடும். அதாவது உங்களை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடாம உட்கார வைக்கிறது மேட்ச். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு அரை மணி நேரமும் இன்னொரு ஆர்டர். இதுல ஏமாத்து எதுவும் இல்ல, வியாபாரம் அப்படித்தான். ஆனா "ஒரு பிளேட் விங்ஸ் மட்டும்"னு நினைச்சுப் போறவர் பில்லைப் பார்த்து ஏன் முழிக்கிறார்னு இப்போ புரியுதா?

மெனுவுல இருக்கிற பேரை நம்பாதீங்க, எண்ணிக்கையைக் கேளுங்க

வாடிக்கையாளர்கள் பொதுவா புலம்புற விஷயம், "பிளேட்ல இவ்வளவுதானா?" 2013-ல பஃபலோ வைல்ட் விங்ஸே, இத்தனை பீஸ்னு எண்ணி விக்கிறதை விட்டுட்டு ஸ்நாக், ஸ்மால், மீடியம், லார்ஜ்னு அளவுக்கு மாறுச்சு. கோழி இறக்கை ஒண்ணு பெருசா இருக்கும், ஒண்ணு சின்னதா இருக்கும், அதான் காரணம். ஆனா வாங்குறவருக்கு ஒரு பீஸ் என்ன விலைன்னு கணக்குப் போடுறது கஷ்டமாயிடுச்சு.

'போன்லெஸ் விங்ஸ்' கதை இன்னும் வேடிக்கை. பெரும்பாலும் அது இறக்கையே இல்ல, நெஞ்சுக்கறியைத் துண்டு போட்டுப் பொரிச்சது. ஒஹாயோவுல ஒரு வாடிக்கையாளர் போன்லெஸ் விங்ஸ் சாப்பிட்டப்போ எலும்பு உள்ள போய் தொண்டைக்குக் கீழ உணவுக்குழாயைக் கிழிச்சிடுச்சு. வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2024 ஜூலையில 4-க்கு 3-ன்னு தீர்ப்பு: 'போன்லெஸ்'ங்கிறது சமைக்கிற முறையோட பேரு, எலும்பே இருக்காதுங்கிற உத்தரவாதம் கிடையாது! அது அமெரிக்கச் சட்டம், நமக்குப் பொருந்தாது. ஆனா பாடம் பொருந்தும்.

நம்ம நாட்டுல 10 அல்லது அதுக்கு மேல கிளை வச்சிருக்கிற உணவகங்கள் மெனுவுல கலோரியையும் ஒரு பரிமாறலோட அளவையும் காட்டணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ விதி இருக்கு. அதனால செயின் கடைக்குப் போனா கூச்சப்படாம கேளுங்க: "அண்ணா, ஒரு பிளேட்ல எத்தனை பீஸ் வரும்?"

ஓட்டை 1: பில்லுல ஒட்டிக்கிட்டு வர்றது

ஒரு உதாரணம் போடுவோம். விலையெல்லாம் கணக்குக்காக நான் வச்சது. நாலு நண்பர்கள் போறாங்க. சாப்பாடு, மாக்டெய்ல் எல்லாம் சேர்த்து 1,800 ரூபா. மூணு பேர் ஆளுக்கு ரெண்டு பீர், ஒண்ணு 250 வீதம் 1,500. கூட்டினா 3,300.

சரியான பில் எப்படி இருக்கணும்?

- சாப்பாட்டுக்கு 5% ஜிஎஸ்டி, அதாவது 90 ரூபா. பில்லுல சிஜிஎஸ்டி 2.5%, எஸ்ஜிஎஸ்டி 2.5%னு ரெண்டா பிரிஞ்சு இருக்கும்.
- மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அது மாநில வரிக்குள்ள வருது. இந்த உதாரணத்துல அந்த வரி பீர் விலைக்குள்ளயே இருக்குன்னு வச்சுக்குவோம்.
- மொத்தம் 3,390. ஆளுக்கு 847.50.

இப்போ தப்பான பில்லைப் பாருங்க. 3,300 மேல 10% சர்வீஸ் சார்ஜ், 330. அந்த 3,630 மொத்தத்துக்கும், பீரையும் சேர்த்து, 5% ஜிஎஸ்டி 181.50. மொத்தம் 3,811.50. வித்தியாசம் 421.50 ரூபா!

சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்ல. அது கடைக்காரர் போடுறது. பில்லுல தானாவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேற பேர்லயும் வசூலிக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல வழிகாட்டுதல் கொடுத்துச்சு. அதை எதிர்த்து உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2025 மார்ச் 28-ல அந்த மனுக்களை நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. சங்கங்கள் மேல்முறையீடும் செஞ்சிருக்காங்க.

அப்போ என்ன செய்யணும்? சண்டை வேண்டாம். "அண்ணா, இந்த சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு பில் போட்டுத் தாங்க"ன்னு சொல்லுங்க. முடியாதுன்னா மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க. அப்பவும் மறுத்தா பில்லைப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்க. நல்லா கவனிச்ச தம்பிக்கு டிப்ஸ் கொடுக்கணும்னு தோணுதா, அவர் கையிலயே கொடுங்க. அவருக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம்.

இன்னும் ரெண்டு விஷயம்:

- பில்லுல ஜிஎஸ்டி எண் இருக்கான்னு பாருங்க. புதுச்சேரி கடைன்னா 34-ல ஆரம்பிக்கும், தமிழ்நாட்டுக் கடைன்னா 33. நம்ம கொம்யூன்ல எல்லை எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. பில்லு சொல்லிடும். சந்தேகமா இருந்தா ஜிஎஸ்டி இணையதளத்துல அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.
- தண்ணி பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல போட்டா சண்டைக்குப் போகாதீங்க. உட்கார்ந்து சாப்பிடுற உணவகங்கள் அப்படி விக்கலாம்னு 2017 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. ஆரம்பத்துலயே "சாதா தண்ணி கொடுங்க"ன்னு கேட்டா முடிஞ்சது.

பெரிய பிரச்சினைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணம் கிடையாது. கடை சென்னையில இருந்தாலும் நீங்க வசிக்கிற இடத்துலயே வழக்கு போட 2019 சட்டம் வழி கொடுக்குது.

ஓட்டை 2: "சமமா பிரிச்சுக்கலாம் மச்சி"

இதைப் பத்தி யாரும் பேச மாட்டோம். மேல போட்ட அதே சரியான பில்லையே எடுத்துக்குங்க. 3,390-ஐ நாலா பிரிச்சா 847.50. ஆனா நாலாவது நண்பர் குடிக்கவே இல்ல. அவரோட நியாயமான பங்கு என்ன? சாப்பாடு, வரி சேர்த்து 1,890. நாலா பிரிச்சா 472.50. அவர் 375 ரூபா அதிகமா கொடுக்கிறார்.

லீக்ல ஒரு டீமுக்கு 14 மேட்ச். பதினாலுக்கும் போனா, குடிக்காதவர் தூக்கிக் கொடுக்கிற தொகை 5,250 ரூபா. தப்பான பில்லால ஒருத்தருக்கு வர்ற நஷ்டம் தடவைக்கு 105 ரூபா, 14 தடவைக்கு சுமார் 1,475. பார்த்தீங்களா? கடைக்காரர் எடுத்ததை விட நம்ம கூச்சம் எடுத்தது மூணு மடங்குக்கு மேல!

வழி ரொம்ப சிம்பிள். உட்காரும்போதே "சாப்பாடு ஒரு பில், சரக்கு ஒரு பில்"னு தனித்தனியா போடச் சொல்லுங்க. வரியும் தெளிவா இருக்கும், நட்பும் தெளிவா இருக்கும். இதைக் குடிக்கிறவரே சொல்லணும். குடிக்காதவர் வாய் திறந்தா "கஞ்சன்"னு பேர் வந்துடும்.

மொத்தச் செலவையும் ஒரு தடவை பாருங்க. 847.50-ஐ 14-ஆல பெருக்கினா 11,865. கைக்கு 20,000 வாங்குறவருக்கு அது ஒரு மாசச் சம்பளத்துல பாதிக்கு மேல. 14-க்குப் பதிலா நாலு மேட்ச் மட்டும் தேர்ந்தெடுங்க. 3,390-ல முடிஞ்சுடும். மிச்சம் 8,475. அது எமர்ஜென்சி ஃபண்டுக்கு நல்ல ஆரம்பம். மத்த மேட்ச்சுக்கு கறிக்கடையில இறக்கை வாங்கி ரூம்லயே பொரிச்சு சாப்பிடுங்க, சத்தமும் குறையாது.

ஓட்டை 3: திரும்பி வர்ற அந்த 20 கிலோமீட்டர்

இதுதான் உண்மையிலேயே பெருசு. ராத்திரி 11 மணிக்கு மேட்ச் முடியுது. பாண்டியில இருந்து மதகடிப்பட்டுக்கு விழுப்புரம் ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர், லாரிகள் ஓடுற நேரம். "ரெண்டு பீர்தானே, நான் ஸ்டெடி"ன்னு வண்டியை எடுக்கிறோம்.

100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினா சட்டப்படி குற்றம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-படி முதல் தடவை 10,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டுமே. அடுத்த தடவை 15,000 ரூபா, ரெண்டு வருஷம் வரை.

அபராதம் கூட சின்னது. இன்சூரன்ஸைப் பாருங்க:

- குடிச்சிட்டு ஓட்டி வண்டி நொறுங்கினா, சொந்த வண்டி சேதத்துக்கான கிளெய்ம் கிடைக்காது.
- உங்க பாலிசியில இருக்கிற 15 லட்ச ரூபா தனிநபர் விபத்துக் காப்பீடும் போதையில ஓட்டினா பொருந்தாது. உங்களுக்கு ஏதாவது ஆனா வீட்டுக்கு வர வேண்டிய பணம் அது.
- எதிர்ல வந்தவருக்கு அடிபட்டா, இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்கு முதல்ல இழப்பீடு கொடுத்தாலும், அதை உங்ககிட்ட இருந்து திரும்ப வசூலிச்சுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட முடியும். அது லட்சக்கணக்குல போகும். ஆயுசுக்கும் கட்ட வேண்டியிருக்கும்.

வீட்டுல உங்க சம்பளத்தை நம்பி அம்மா, அப்பா, தங்கச்சி படிப்புன்னு இருந்தா, இந்த 20 கிலோமீட்டர்தான் உங்க வாழ்க்கையோட மிகப் பெரிய நிதி ரிஸ்க். எந்த ஷேரும், எந்த கிரிப்டோவும் இதுக்குப் பக்கத்துல வராது.

அதனால ஒரு ஏற்பாடு சொல்றேன். குரூப்ல குடிக்காத நண்பர் கார் ஓட்டுறாரா? அவரோட சாப்பாட்டுப் பங்கு 472.50-ஐ மத்த மூணு பேரும் ஏத்துக்குங்க. ஆளுக்கு 157.50 ரூபா. அந்த விலைக்கு உங்க வண்டி, உங்க உயிர், உங்க 15 லட்சம் எல்லாம் பத்திரம். இதை விட மலிவான இன்சூரன்ஸ் எந்த ஏஜென்ட்டும் உங்களுக்கு விக்க முடியாது. அப்படி ஒருத்தர் இல்லன்னா, ஆட்டோவோ டாக்ஸியோ பேசிட்டு, அந்தச் செலவையும் பட்ஜெட்ல சேர்த்த பிறகுதான் கிளம்பணும். அந்தப் பணம் இல்லன்னா அன்னைக்கு மேட்ச் ரூம்லதான்.

அடுத்த மேட்ச்சுக்கு முன்னாடி இந்தக் கட்டுரையை உங்க குரூப்ல போடுங்க. உங்க கடைசி பில்லை எடுத்துப் பாருங்க: சர்வீஸ் சார்ஜ் இருக்கா, பீருக்கும் ஜிஎஸ்டி போட்டிருக்காங்களா? கடை பேர் போடாம கமெண்ட்ல சொல்லுங்க, சேர்ந்து கணக்குப் பார்ப்போம். பத்திரமா போயிட்டு பத்திரமா வாங்க, நண்பர்களே!