குப்பைப் பை நிரம்பும், லாரி வராது: உயிரணுவை ஏமாற்றும் சளிக்காய்ச்சல் கிருமி

நம் உயிரணுக்களுக்குள் துப்புரவுப் பணி ஓயாமல் நடக்கிறது. பழுதான புரதங்களையும் ஊடுருவிய சில கிருமிகளையும் இரட்டைச் சவ்வுள்ள பை ஒன்று சுற்றி வளைக்கும். பிறகு அந்தப் பை, உயிரியல் பாடத்தில் ஒரே வரியில் கடந்துபோகும் லைசோசோமுடன் இணையும். அங்குள்ள நொதிகள் எல்லாவற்றையும் சிதைத்து, மீண்டும் பயன்படும் மூலப்பொருளாக்கிவிடும். இதுதான் தன்னுண்ணல், அதாவது ‘ஆட்டோஃபேஜி’. ஈஸ்ட்டில் இதற்குரிய மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானிய அறிவியலாளர் யொஷினோரி ஒசுமி 2016ல் நோபெல் பரிசு பெற்றார்.

பட்டினி கிடந்தால் தன்னுண்ணல் கூடும், கிருமி ஓடிவிடும் என்று சொல்லும் காணொளிகளை நீங்களும் பார்த்திருக்கலாம். சளிக்காய்ச்சல் கிருமியிடம் அந்தக் கணக்கு அவ்வளவு எளிதில் செல்லாது.

‘ஏ’ வகைக் கிருமியின் மரபுப்பொருள் எட்டே துண்டுகள். அதனால் ஒரு புரதமே பல வேலைகளைச் செய்தாக வேண்டும். எம்2 என்ற புரதத்தில் இருப்பவை 97 அமினோ அமிலங்கள்தான். உயிரணு ஒரு நுண்குமிழுக்குள் வைத்துக் கிருமியை உள்ளிழுக்கிறது. அந்தக் குமிழ் அமிலமானதும், எம்2 அந்த அமிலத்தன்மையைக் கிருமிக்குள் கடத்தி, மரபுப்பொருள் வெளிவர வழிசெய்கிறது.

அடுத்து அது துப்புரவில் கைவைக்கிறது. பைகள் உருவாவதை எம்2 தடுப்பதில்லை. அவை லைசோசோமுடன் இணைவதைத்தான் தடுக்கிறது. குப்பையைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று, லாரிதான் வரவில்லை. இந்த நிலையில் இன்னும் பத்துப் பைகளைக் கட்டி என்ன பயன்?

பையின் சவ்வில் எல்சி3 என்ற புரதம் உண்டு. எம்2வின் வால் அதையும் பற்றிக்கொண்டு உயிரணுவின் வெளிச்சவ்வுக்கு இழுத்துச் செல்கிறது. புதிய கிருமிகள் மொட்டுவிட்டுக் கிளம்பும் இடம் அதுதான். இந்தப் பிடியை ஆய்வாளர்கள் குலைத்தபோது, வெளிவந்த கிருமிகளின் நிலைத்தன்மை குறைந்தது. இது 2014ல் வெளியான ஆய்வு. எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதியும் இதுவே.

சரி, கிருமி நுழைவதற்கே அமிலம் வேண்டுமென்றால், அமிலத்தைக் குறைத்துவிட்டால்? மலேரியா மருந்தான குளோரோகுயின் அதைச் செய்யும். ஆய்வுக்கூட உயிரணுக்களில் அது சளிக்காய்ச்சல் கிருமியைக் கட்டுப்படுத்தியது. ஆனால் மனிதர்களிடம்? சிங்கப்பூரில் 1,500க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். முடிவு 2011ல் வெளிவந்தது: மருந்து உட்கொண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் தொற்று ஏற்பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.