அனாதை யானைக்குட்டிக்கு இரண்டு வழிகள்

மாவனல்லைப் பாலத்தின் கீழே ஓடும் மகா ஓயாதான், ரம்புக்கனைப் பக்கம் பின்னவலையில் யானைகள் குளிக்கும் ஆறு. அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில், தாயை இழந்த ஐந்து குட்டிகளோடு 1975இல் வனஜீவராசிகள் திணைக்களம் யானைகள் இல்லத்தைத் தொடங்கியது. 1978இல் அது தேசிய மிருகக்காட்சிசாலையின் பொறுப்புக்கு மாறியது. 1984இல் அங்கேயே முதல் குட்டி பிறந்தது. 2021இல் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டிகளை ஈன்றது. கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்த சாமா என்ற யானையும் அங்கேதான் மூன்று காலில் நடந்து வளர்ந்தது.

அனாதைக் குட்டியைக் காப்பதில் முதல் சிக்கல் பால். கென்யாவில் அனாதை யானைக்குட்டிகளை வளர்த்த டாஃப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் இதோடு போராடினார். பசும்பாலில் உள்ள கொழுப்பு ஆப்பிரிக்க யானைக்குட்டிகளுக்குச் செரிக்கவில்லை. வயிற்றோட்டம் கண்டு இறந்தன. கடைசியில் கைகொடுத்தது தேங்காய் எண்ணெய். யானைப்பாலின் கொழுப்புக்கு மிக நெருக்கமானது அதுவே. அதைக் கலந்த பால்மாவில் குட்டிகள் பிழைத்தன.

அடுத்த சிக்கல் பாசம். குட்டி ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்டால், அவர் இல்லாதபோது ஏங்கி உண்ண மறுக்கும். அதனால் நைரோபியில் உள்ள ஷெல்ட்ரிக்கின் குட்டிகள் இல்லத்தில் இரவில் குட்டியோடு படுத்துறங்கும் பராமரிப்பாளரை முறைவைத்து மாற்றுகிறார்கள்.

நம் சப்ரகமுவ எல்லையில், 1995இல் தொடங்கிய உடவளவை யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் மனிதரோடான பழக்கத்தையே குறைத்துவிடுகிறது. சுமார் மூன்று மணிக்கொரு தடவை குழாய்வழியே பால். மற்ற நேரமெல்லாம் குட்டிகள் தங்களுக்குள் கூட்டமாக மேயும். ஏறக்குறைய ஐந்து வயதானதும் கூடி வளர்ந்த தோழர்களோடு காட்டில் விடுகிறார்கள். முதல் விடுவிப்பு 1998இல் நடந்தது.

பின்னவலையில் வளர்ந்த யானையை அப்படி விட முடியாது. மனிதரைக் கண்டு அஞ்சாத யானை ஊருக்குள்தான் வரும். ஆகவே அங்கே பிறக்கும் குட்டி காட்டு யானையின் தொகையைக் கூட்டாது. அதற்கு ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவை. காயம்பட்ட சாமாவுக்கு அந்த இடம் அவசியம். நலமான குட்டிக்கு உடவளவை வழியே சிறந்தது.

இரண்டு வழியும் தாயை இழந்த பிறகுதான். கட்டில்லாத விவசாயக் கிணறு, சுருக்குக் கம்பி, யானையின் வாயைச் சிதைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி எனக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கும் காரணங்கள் பல நம் கையில் இருக்கின்றன. ஒரு கிணற்றுக்குக் கட்டுக் கட்டும் செலவு, ஒரு குட்டியை ஐந்து வருடம் பாலூட்டி வளர்க்கும் செலவுக்கு ஈடாகவே ஆகாது.