பூட்டிய வீடும் குறுகியகால வாடகையும்



டிசம்பர் பள்ளி விடுமுறையிலும் உம்ராப் பயணக் காலத்திலும் நம் குடும்பங்கள் பல, வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம், ஒரு மாதம் என்று வெளியூர் போகின்றன. "சும்மா கிடக்கும் வீட்டை அந்த நாள்களுக்கு மட்டும் சுற்றுப்பயணிகளுக்கு விட்டால் வீட்டுக் கடனுக்கு உதவுமே" என்று தோன்றுவது இயல்பு. ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் பதிவு செய்வதும் எளிது. ஆனால் சிங்கப்பூரில் அப்படி விடுவது விதிமீறல். அதன் விளைவு, கிடைக்கும் வாடகையைவிடப் பல மடங்கு பெரியது.

விதி என்ன?

வீவக வீடோ, அதில் ஓர் அறையோ, ஒவ்வொரு முறையும் குறைந்தது 6 மாதத்துக்கு வாடகைக்கு விட வேண்டும். சுற்றுப்பயணிகளுக்கு விடவே கூடாது. கூட்டுரிமை வீடு போன்ற தனியார் வீடுகளுக்குக் குறைந்தபட்சக் காலம் தொடர்ச்சியாக 3 மாதம். 2017 ஜூன் வரை இதுவும் 6 மாதமாகவே இருந்தது. நகர மறுசீரமைப்பு ஆணையம் பின்னர் குறைத்தது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு?

நம் வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியவை. மின்தூக்கி, தாழ்வாரம் எல்லாம் பொது. மூன்று நாளைக்கு ஒரு முகம் மாறினால், பக்கத்து வீட்டில் வயதான தாயும் சிறு பிள்ளைகளும் இருக்கும் குடும்பத்துக்கு நிம்மதி எங்கே? அண்டை வீட்டாரின் உரிமை எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியாததல்ல.

2018இல் ஆணையம் ஒரு மாற்றத்தை முன்வைத்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. தனியார் குடியிருப்பின் பங்கு மதிப்பில் 80% கொண்ட உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால், ஆண்டுக்கு 90 நாள்வரை குறுகியகால வாடகைக்கு அனுமதிக்கலாம் என்பது அந்த யோசனை. அது நடைமுறைக்கு வரவில்லை. பழைய விதியே தொடரும் என்று 2019இல் முடிவானது.

மீறினால்?

தனியார் வீடுகளில் இந்தக் குற்றத்துக்கு 200,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். 2018 ஏப்ரலில், கூட்டுரிமை வீடுகளைக் குறுகியகாலத்துக்கு விட்ட இருவருக்குத் தலா 60,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. வீவக வீடாக இருந்தால் அபராதத்தோடு நிற்காமல், கழகம் வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். பல்லாண்டு உழைத்துக் கட்டிய கடன் தவணையை ஒரு மாத வருமானத்துக்காகப் பணயம் வைக்கலாமா?

முறையான வழி

வருமானம் தேவைப்படும் குடும்பத்துக்கு வழி அடைபடவில்லை. மூவறை அல்லது அதைவிடப் பெரிய வீவக வீட்டில், உரிமையாளர் தொடர்ந்து குடியிருந்தபடியே ஓர் அறையை வாடகைக்கு விடலாம். வீவகவின் அனுமதி முன்கூட்டியே பெற வேண்டும். முழு வீட்டையும் விட, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதி இல்லை.

வாடகைக்கு விட்ட பிறகும் கவனம் வேண்டும். வாடகைதாரர் நமக்குத் தெரியாமல் வீட்டைச் சுற்றுப்பயணிகளுக்கு உள்வாடகைக்கு விடுவதும் உண்டு. அதைத் தடுக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்; அவ்வப்போது நேரில் போய்ப் பாருங்கள்.

விருந்தினர் விஷயம் வேறு. ஊரிலிருந்து வரும் உறவினரைப் பணம் வாங்காமல் சில நாள் வீட்டில் தங்கவைப்பது வாடகை ஆகாது. திருமணத்துக்கு நிறையப் பேர் வந்தால் உரிமம் பெற்ற ஹோட்டலில் அறை எடுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரோ ஒருவரின் அடுக்குமாடி வீட்டைப் பதிவு செய்தால், வந்த விருந்தாளிகள் பெட்டியோடு நடுவழியில் நிற்க நேரலாம்.

வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்கும் முன் வீவக அல்லது ஆணையத்தின் இணையத்தளத்தில் இன்றைய விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள இளையவர்கள் உதவுங்கள்.