உக்குவளையில் ஒரு விடுமுறை: பங்களாவுக்கும் லயனுக்கும் இடையில் ஒரு காணி உறுதி

மிளகுக் கொடிகளும் கராம்பு வாசமும் மழைக்குப் பின் இறங்கும் பனிமூட்டமும் மாத்தளை மாவட்டத்தின் உக்குவளையை ஓய்வெடுக்க ஏற்ற இடமாக ஆக்கியிருக்கின்றன. வாசனைத் திரவியத் தோட்டங்களைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி இங்கு விடுமுறை இல்லங்கள் இயங்குகின்றன. அண்மையில் நானும் அப்படியொன்றில் இரண்டு நாட்கள் தங்கினேன். அமைதியான இடம்தான். ஆனால், இந்த அமைதியிலிருந்து வருமானம் பெற யாரால் முடிகிறது, யாரால் முடியவில்லை என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

அதற்கான பதில் காணியில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அதை நினைவுகூர்ந்துதான் 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடத்தப்பட்டது.

வந்தவர்களுக்கு லயன் அறை, துரைக்கு பங்களா. கோப்பியை இலைத்துரு நோய் அழித்தது. தேயிலை, இறப்பர், கொக்கோ வந்தன. பயிர்கள் மாறின, லயன் மாறவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், அங்கு உழைத்தவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. 1977 வன்முறையின் பின்னர் ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு இடம்பெயர்ந்தார்கள். மூதாதையர் நடந்துவந்த திசையிலேயே திரும்பிப் போன அவர்களை அங்கு யுத்தம் சந்தித்தது. இதை வாசிப்பவர்களில் சிலருக்கு இது சொந்தக் குடும்பத்தின் கதையாகவும் இருக்கலாம்.

இன்று மலையகத்தின் பழைய பங்களாக்கள் பல சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. பக்கத்து லயனில் வாழும் குடும்பத்தால் ஓர் அறையைக்கூட வாடகைக்கு விட முடியாது. உறுதி இல்லாத காணியை வங்கியில் ஈடுவைக்க முடியாது. கடன் இல்லாமல் அறை கட்ட முடியாது. லயனைத் திருத்துவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே, அவர்களுக்கு எஞ்சுவது அதே விடுதிகளில் சமையல், துப்புரவு, தோட்ட வேலை. 7 பேர்ச்சஸ் காணியுடன் தனி வீடு என்ற திட்டமும் ஒரு பகுதியினரையே சென்றடைந்திருக்கிறது.

வடக்கிலுள்ளவர்களுக்கு இது புதிதல்ல. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதியை அறிந்தவர்கள், விடுமுறை இல்லம் எப்போதும் யாரோ ஒருவரின் காணிக் கதைமீதுதான் நிற்கிறது என்பதையும் அறிவார்கள். அங்கு உறுதி இருந்தும் காணியை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கு 200 வருடங்கள் உழைத்தும் உறுதியைக் காணாதவர்கள் இருக்கிறார்கள்.

உக்குவளைக்குப் போகவேண்டாம் என்பதல்ல இதன் பொருள். போங்கள், ஓய்வெடுங்கள். மலையகத்தில் சுற்றுலா வளர்ச்சி பற்றிப் பேசுகிறவர்களிடம் மட்டும் ஒன்றைக் கேளுங்கள்: லயன் குடும்பத்தின் கையில் காணி உறுதி எப்போது கிடைக்கும்?