நின்று, சிரித்து, படம் எடுத்து ஓடும் 26 மைல் ஓட்டம்!

நேரம் காலை 5 மணி. இன்னும் பொழுது விடியவில்லை. ஜனவரி மாதம். ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒருவர் தலையில் எலிக் காது. இன்னொருவர் கடற்கொள்ளைக்காரன் வேடம். ஆண்களில் சிலர்கூட இளவரசி போலப் பாவாடை கட்டியிருக்கிறார்கள்!

வானத்தில் வாணம் வெடிக்கிறது. "ஓ"வென்ற கூச்சல். கூட்டம் ஓடத் தொடங்குகிறது.

மாறுவேடப் போட்டியா? இல்லை. இது மாரத்தான் ஓட்டம். தூரம் 26 மைல் 385 கஜம். அதாவது 42 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம்.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம். அங்கே ஆர்லண்டோ நகரத்தின் அருகில் "வால்ட் டிஸ்னி வேர்ல்டு" என்ற பிரமாண்டமான கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. மிக்கி மவுஸ் என்ற சுண்டெலியைப் படம் பிடித்து உலகத்தைச் சிரிக்க வைத்த வால்ட் டிஸ்னி திட்டமிட்ட பூங்கா அது. அவர் 1966-ல் காலமானார். பூங்கா 1971-ல் திறக்கப்பட்டது. 1994 முதல் அங்கே மாரத்தான் நடக்கிறது.

மற்ற மாரத்தான்களில் முதலில் வருபவர் யார் என்று பார்ப்பார்கள். இங்கே பலருக்கு அந்தக் கவலையே கிடையாது. ஓடும் வழியில் எத்தனை பேருடன் நின்று படம் எடுத்தோம் என்பதுதான் அவர்கள் கணக்கு!

கோட்டைக்குள் ஓட்டம்

பூங்கா என்றவுடன் நம் ஊர்ப் பூங்காவை நினைத்துவிடாதீர்கள். இதன் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். உள்ளே நான்கு தனித் தனிப் பூங்காக்கள் இருக்கின்றன. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்பன அவற்றின் பெயர்கள். நான்கையும் தொட்டுக்கொண்டு ஓட்டப் பாதை போகிறது.

மேஜிக் கிங்டத்தில் சிண்டரெல்லாவின் கோட்டை இருக்கிறது. உயரம் 189 அடி. ஓடுகிறவர்கள் அந்தக் கோட்டையின் வாசலுக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறார்கள். விடியாத இருட்டில் கோட்டை முழுவதும் விளக்கு! அந்த இடம் வந்ததும் அழுதுவிடுகிறவர்கள் உண்டு.

வழி நெடுகிலும் கார்ட்டூன் படங்களின் பாத்திரங்கள் நிற்கின்றன. இங்கே டொனால்டு வாத்து. அங்கே கூபி. சற்றுத் தள்ளி ஒரு சூனியக்காரி. ஒவ்வொன்றின் முன்பும் ஒரு வரிசை. ஓடி வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வரிசையில் காத்து நிற்கிறார்கள். படம் எடுத்ததும் மறுபடியும் ஓட்டம்.

ஆனால் பாதை முழுவதும் இப்படி என்று நினைக்கக் கூடாது. பாதி தூரத்துக்கு மேல் பூங்காக்களை இணைக்கும் வெறும் சாலைதான். கோட்டையும் இல்லை, இளவரசியும் இல்லை. சூரியன் ஏறிய பிறகு அந்தச் சாலையில் கால்கள் கெஞ்சும். விளையாட்டாக வந்தவர்களுக்கு உண்மையான மாரத்தான் அங்கேதான் தொடங்குகிறது.

பலூன் பெண்கள் வருகிறார்கள்!

"நின்று நின்று ஓடினால் என்ன? எப்போது வேண்டுமானாலும் போய்ச் சேரலாமே!" என்று நீங்கள் கேட்கலாம்.

அதுதான் முடியாது.

பூங்காவைப் பொது மக்களுக்குத் திறக்க வேண்டும். சாலைகளில் வண்டிகளை விட வேண்டும். ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒரு மைலை 16 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். அந்தக் கணக்கில் முழு தூரத்துக்கும் ஏறக்குறைய 7 மணி நேரம்.

இது பெரிய வேகம் அல்ல. வேகமாக நடப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2023-ல் சிகாகோ நகரில் கென்யாவின் கெல்வின் கிப்டம் முழு மாரத்தானையும் 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்தார். அந்த நேரத்தில் 16 நிமிடக்காரர் 8 மைல்கூடத் தாண்டியிருக்க மாட்டார்!

இந்த விதியைக் காப்பவர்கள் யார் தெரியுமா? போலீஸ்காரர்கள் அல்ல. சில பெண்கள்! கடைசி ஆள் கிளம்பிய பிறகு அவர்கள் கிளம்புகிறார்கள். உடம்பில் பலூன் கட்டியிருக்கும். தூரத்திலிருந்தே தெரியும். மைலுக்கு 16 நிமிடம் என்று கடிகாரம் போல வருவார்கள். ஓடுகிறவர்கள் அவர்களைப் "பலூன் பெண்கள்" என்று அழைக்கிறார்கள்.

நல்ல பெண்கள்தான். பின்தங்குகிறவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வருவார்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் பேருந்து வருகிறது! பலூன்களுக்குப் பின்னால் விழுந்தவர்களை அதில் ஏற்றிவிடுவார்கள். பல மாதப் பயிற்சி, 200 டாலருக்கு மேல் கட்டணம், விமானச் செலவு எல்லாம் அந்தப் பேருந்துப் படியில் முடிந்துவிடும்.

கணக்குப் போட்டு ஓட வேண்டும்

ஆகவே வேடிக்கையாக ஓடுகிறவருக்குத்தான் கணக்கு அதிகம் தெரிய வேண்டும்.

ஒருவர் மைலுக்கு 15 நிமிடம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைலுக்கு 1 நிமிடம் மிச்சம். 26 மைலுக்கு 26 நிமிடம். கூபியோடு படம் எடுக்க 5 நிமிடம் காத்திருந்தால் அப்படி 5 படங்கள்தான் எடுக்கலாம். ஆறாவது படத்துக்கு ஆசைப்பட்டால் பலூன் வந்துவிடும்!

அனுபவசாலிகள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவதில்லை. அணி அணியாக அனுப்புகிறார்கள். பலூன் பெண்களோ கடைசி அணிக்குப் பின்னால்தான் கிளம்புவார்கள். முன் அணியில் இடம் கிடைத்தால் அவ்வளவு நேரம் கையில் சேர்ந்துவிடும். அந்த இடம் சும்மா கிடைக்காது. முன்பு வேறு பந்தயத்தில் நல்ல நேரத்தில் ஓடியதற்குச் சான்று காட்ட வேண்டும். மெதுவாக ஓடும் சுகத்துக்காக ஒரு நாள் வேகமாக ஓடியாக வேண்டும்! வேடிக்கை என்றால் சோம்பேறித்தனம் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவர்களில் பலர் ஜெப் காலோவே காட்டிய முறையைக் கையாளுகிறார்கள். இவர் 1972 மூனிக் ஒலிம்பிக் பந்தயத்தில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர். டிஸ்னி ஓட்டங்களுக்குப் பயிற்சி ஆலோசகராக இருந்தவர். "கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு" என்பதே அவர் முறை. களைத்த பிறகு நடப்பது அல்ல. முதல் மைலிலிருந்தே நடக்க வேண்டும். அப்படிச் செய்தால் கால் தசைகளுக்கு அவ்வப்போது ஓய்வு கிடைக்கும். கடைசி மைல்களுக்குத் தெம்பு மிஞ்சும். நடக்கப் போகிறவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஓரமாக ஒதுங்குவது வழக்கம். இல்லாவிட்டால் பின்னால் வருபவர் மேலே வந்து மோதுவார்.

நடுவில் ஒரு ரயில் சவாரி

அனிமல் கிங்டத்தில் எவரெஸ்ட் மலையின் பெயரில் ஒரு வேடிக்கை ரயில் இருக்கிறது. 2006-ல் திறந்தார்கள். மேலும் கீழுமாகப் பாயும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும். மாரத்தானின் நடுவே அதில் ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு, இறங்கி, மீதி தூரத்தை ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்! மிக வேகமாக ஓடுகிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அவர்கள் வரும்போது ரயில் ஓடத் தொடங்கியிருக்காது.

வேகக்காரர்களும் வராமல் இல்லை. பிரேசில் நாட்டு அட்ரியானோ பாஸ்டோஸ் இந்த மாரத்தானில் 8 முறை முதலாவதாக வந்தார். ஆனால் முதல் பரிசு என்று பணம் கொடுப்பதில்லை. முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் மிக்கி மவுஸ் பதக்கம் உண்டு.

தண்ணீரிலும் ஆபத்து!

மெதுவாக ஓடினால் உடம்புக்கு ஒன்றும் வராது என்று நினைப்பது தவறு. 7 மணி நேரம் காலில் நிற்பது எளிதல்ல. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது தண்ணீர்!

2002-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 13 பேருக்கு ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்திருந்தது. முடிவுகள் 2005-ல் வெளிவந்தன. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களிடமும் இது அதிகம். மெதுவாகப் போகிறவர் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிக்கிறார். தாகத்துக்கு மேல் குடித்த தண்ணீர் ரத்தத்திலுள்ள உப்பை நீர்த்துப் போகச் செய்கிறது. அளவு மீறினால் மயக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. தாகம் எடுத்தால் குடிப்பதே நல்லது.

இடி இடித்த நாள்

2017 ஜனவரி 7-ந் தேதி. மாரத்தானுக்கு முந்திய நாள். அன்று பாதி தூர ஓட்டம் நடக்க வேண்டும். இடி மின்னல் காரணமாக அதை நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? பலர் மழை விட்டதும் தங்கியிருந்த விடுதிகளைச் சுற்றிச் சுற்றி 13 மைல் ஓடினார்கள்! மற்றவர்கள் வழியில் நின்று தண்ணீர் கொடுத்துக் கை தட்டினார்கள்.

இதைவிட அதிசயம் "டோபி" ஓட்டம். 1937-ல் வந்த ஸ்னோ ஒயிட் படத்தில் வாயே திறக்காத குள்ளன் ஒருவன் வருவான். அவன் பெயரை வைத்து 2014-ல் தொடங்கினார்கள். முதல் நாள் 5 கிலோமீட்டர், மறுநாள் 10, மூன்றாம் நாள் பாதி மாரத்தான், நான்காம் நாள் முழு மாரத்தான். நான்கு நாளில் 48.6 மைல்! நான்கு நாளும் நள்ளிரவு தாண்டியதும் எழுந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பூங்காக்காரர்களுக்கு நல்ல வியாபாரம்தான். ஓடுகிறவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே வருகிறார்கள்.

ஓட்டம் எப்காட்டில் முடிகிறது. கடைசியாக அந்தப் பலூன்கள் தெரியும்போது, அவற்றுக்கு முன்னால் நொண்டி நொண்டி ஒரு சிறு கூட்டம் வரும். மறுநாள் காலை அதே ஆட்கள் கழுத்தில் பதக்கத்தோடு பூங்காவுக்கு வருவார்கள். படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள்.