1.8 லட்சம் கி.மீ. ஓடிய ‘மாடிஃபைடு’ காரை விற்கப் போறீங்களா? உப்புக் காற்றையும் ஆர்.சி. புக்கையும் முதலில் பாருங்க

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்பு வெள்ளைக் கூம்புகளாகக் குவிந்திருக்கும். காரை ஓரங்கட்டி, அதன் முன் நின்று போட்டோ எடுக்காதவர்கள் குறைவு. போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. அதே காற்றில் வருஷக்கணக்கில் காரை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல். அதுவும் காரை விற்கும் நாளில்தான் தெரியவரும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2010-ல் வாங்கிய டீசல் ஸ்விஃப்ட். மீட்டரில் 1.8 லட்சம் கி.மீ. முதல் சம்பளம் வந்த ஜோரில் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தியாகிவிட்டது. அகலமான அலாய் வீல், சத்தம் போடும் சைலன்சர், டிக்கி முழுக்க ஊஃபர், இன்ஜினுக்கு ரீமேப். இப்போது குழந்தை பிறந்தாச்சு, பெரிய வண்டி வேண்டும். பழசை விற்கலாம் என்று நாலு போட்டோ போட்டால் முதலில் வரும் கேள்வி, “எவ்ளோ ஓடியிருக்கு ப்ரோ?”

உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் சுலபம். 15 வருஷத்தில் 1.8 லட்சம் என்றால் மாதத்துக்கு 1,000 கி.மீ. இ.சி.ஆரில் ஒரே சீராக ஓடிய கிலோமீட்டர் வேறு. சென்னை டிராஃபிக்கில் கிளட்சை மிதித்து மிதித்து ஓடிய கிலோமீட்டர் வேறு. சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக அடுக்கிக் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்துவிடும். மீட்டரைக் குறைத்துத் தர ஆள் இருக்கிறார்கள்தான். ஆனால், வண்டி நம்பரை வைத்து அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைப் பார்த்துவிட முடியும். மாட்டினால் மோசடி வழக்கு. வேண்டாம் அந்த வேலை.

உப்பு செய்யும் வேலை

விலையை உடைப்பது துரு. உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான் இருக்கும். உப்பளத்தில் சோடியம் குளோரைடு மட்டும் கிடையாது, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அதாவது உங்கள் காரின் அடிப்பகுதியில் ஒட்டிய உப்பு மண், மழையே பெய்யாத மே மாதத்திலும் ஈரமாகத்தான் இருக்கிறது. இரும்பு, ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்தால் துரு வேகம் பிடிக்கும்.

இதில் மாடிஃபிகேஷன் எங்கே வருகிறது? கம்பெனியில் இருந்து வரும்போது காரின் தகட்டின் மேல் பாதுகாப்புப் பூச்சு இருக்கும். ஸ்பீக்கருக்கோ ஸ்பாய்லருக்கோ டிரில் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் அந்தப் பூச்சைக் கிழித்துக் கொடுத்த வாசல். வண்டியைத் தாழ்த்தினால் வேகத்தடையில் அடிப்பகுதி உரசும். அங்கேயும் பூச்சு போய்விடும். பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகல டயர், உப்புச் சேற்றை வீல் ஆர்ச்சுக்குள்ளும் கதவின் கீழ்ப் பட்டையிலும் வாரி அடிக்கும். அலாய் வீல் அலுமினியம், அது உட்காரும் ஹப் இரும்பு. இரண்டு உலோகத்துக்கு நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் சின்னதாக ஒரு பேட்டரி உருவாகி அரிப்பு தொடங்கும். சில வண்டிகளில் நட்டைக் கழற்றிய பிறகும் வீல் வெளியே வராமல் அடம்பிடிக்கக் காரணம் இதுதான்.

வாங்க வருபவரின் மெக்கானிக் இதையெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்க மாட்டார். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து வீல் ஆர்ச்சில் வைப்பார். ஒட்டாவிட்டால் உள்ளே தகடு இல்லை, பட்டி என்று அர்த்தம். அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கி ஃப்ளோரைத் தட்டுவார். அதனால் அவருக்கு முன்னால் நீங்களே வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, இருக்கும் துருவை மறைக்காமல் போட்டோ எடுத்து அனுப்புங்கள். துருவின் மேல் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்துக் கொண்டுபோனால், அதையே சந்தேகத்துடன் பார்ப்பார்கள்.

இந்தப் பக்கத்து வண்டிக்கு இன்னொரு கேள்வியும் நிச்சயம் வரும்: “ஃபெஞ்சல்ல முழுகின வண்டியா?” 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயலில், பக்கத்தில் உள்ள மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் ஏறியிருந்தால் ஏறியது என்று சொல்லி, செய்த வேலைக்கான பில்லைக் காட்டுங்கள்.

போட்டதைக் கழற்றுங்கள்

2019 ஜனவரியில், கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வதும் அதுதான். அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். கேஸ் கிட் போட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். பல ஓசை ஹாரன் கூடவே கூடாது.

நம் உதாரண வண்டிக்கு 15 வயது முடிந்துவிட்டது. ஆர்.சி.யைப் புதுப்பிக்காமல் விற்க முடியாது. காருக்கு அதன் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. அதற்கு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிறுத்திக் காட்டியாக வேண்டும். சத்தம் போடும் சைலன்சரோடு அங்கே போய் நிற்க முடியுமா? ஒரிஜினல் ஸ்பிரிங், வீல், சைலன்சர் வீட்டு மாடியில் கிடந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள். ரீமேப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கழற்றிய அலாயையும் ஊஃபரையும் தனியாக விற்றால் நல்ல விலை கிடைக்கும். காரோடு சேர்த்து விற்றால் அதற்குச் சல்லிக்காசு கிடைப்பதே சந்தேகம், பேரம் பேச ஒரு சாக்காகத்தான் ஆகும்.

பக்கத்து ஊர்தான், ஆனால் வேற மாநிலம்

மரக்காணத்தில் இருந்து புதுச்சேரி சுமார் 35 கி.மீ. அங்கிருந்து ஆள் வந்து “அண்ணா, இன்னைக்கே எடுத்துக்கிறேன்” என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அது வேறு யூனியன் பிரதேசம். டி.என். 16 வண்டி பி.ஒய். ஆக மாற வேண்டுமென்றால், படிவம் 28-ல் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பாக்கி அபராதம், தீர்ந்தும் ஆர்.சி.யில் நீக்கப்படாத வங்கிக் கடன் ஆகியவை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். (கடன் நீக்கத்துக்கு வங்கியின் சான்றும் படிவம் 35-ம் தேவை.) உங்கள் காரே வரி குறைவு என்று புதுச்சேரியில் பதிவு செய்ததாக இருந்து, 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருந்தால், முதலில் அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க வேண்டியிருக்கும்.

பேர் மாறலைன்னா நீங்கதான் ஓனர்

இதைத்தான் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். பழைய வண்டி, சின்ன விலை, தெரிந்த பையன். “அப்புறம் மாத்திக்கிறேன்” என்று சாவியை வாங்கிப் போய்விடுவார்.

பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றத்தில் இருந்து உச்ச நீதிமன்றம் போன ஒரு வழக்கு இப்படி: பதிவு உரிமையாளர் 2007-ல் காரை விற்றுவிட்டார். அது அடுத்தடுத்துக் கைமாறியது. யாருமே ஆர்.சி.யில் பெயரை மாற்றவில்லை. 2009 மே மாதம் அந்த கார் மோதி ஒருவர் இறந்தார். இழப்பீடு யார் கொடுப்பது? கடைசியாக வாங்கியவர் என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2018 பிப்ரவரியில் அதை மாற்றியது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர். விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்த மனிதர் மீண்டும் பொறுப்பாளி ஆனார்.

ஆகவே படிவம் 29, 30 இரண்டிலும் இருவரும் கையெழுத்திட்டு, பரிவாஹன் தளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்த பிறகே சாவியைக் கொடுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் நீங்கள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது வாங்குபவரின் உரிமை என்றால், பெயர் மாறாமல் வண்டியைக் கொடுக்க மறுப்பது உங்கள் உரிமை. டீலரிடம் விடுவதாக இருந்தால், அவரிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, அப்படிப்பட்ட டீலரிடம் ஒப்படைத்ததை ஆன்லைனில் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதன்பிறகு வண்டிக்குப் பொறுப்பு அவர்தான்.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது. அதிகபட்சம் 50 சதவீதம் வரை உள்ள அந்தச் சலுகை உங்களுடையது. கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். டிசம்பர் 2024-ல் பரபரப்பான பழைய கார் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் டீலர்களின் லாபத்துக்குத்தான்; சொந்தக் காரை விற்கும் உங்களுக்குக் கிடையாது.

சாவி கைமாறும் நேரத்தை நிமிஷத்தோடு எழுதி, அன்றைய மீட்டர் எண்ணையும் குறித்து இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சுங்கச்சாவடி ஃபாஸ்டேகை அன்றைக்கே மூடிவிடுங்கள். பதினைந்து நாள் கழித்துப் பரிவாஹனில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரே இருந்தால், அன்றைக்கே திண்டிவனம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு பஸ் ஏறுங்கள்.